காது இருந்தது, குரல் இல்லை: என் ட்ரக்கில் சி.பி. றேடியோ

வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமி நகரைத் தாண்டி மேற்கே போனால் ஆர்லிங்டன் வரும், அதற்கு அப்பால் எல்க் மவுண்டன் வரும். பனிக்காலத்தில் அந்தத் துண்டை ஓட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். மேலே வானம் நீலமாகவே இருக்கும். கீழே கிடக்கும் பழைய பனியைக் காற்று அள்ளி வந்து வீதிக்குக் குறுக்கே வெள்ளைத் திரையாகப் பிடிக்கும். முன்னால் போகிற ட்ரெயிலரின் சிவப்பு விளக்கு தெரியும், மறையும், மறுபடி தெரியும். ஸ்காபரோவில் வீடு, வேலை ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை. ட்ரக் சாரதிகள் ஒருவரோடொருவர் கதைக்க வைத்திருக்கும் சி.பி. றேடியோ என் வண்டியில் ஊமை என்பதை, அந்த ஓட்டத்தின் இரண்டாவது பனிக்காலத்தில், இந்த இடத்தில்தான் அறிந்தேன்.

அந்த வீதியில் மைல்கற்கள் மேற்கே போகப் போகக் குறையும். லாரமியில் 311, ரோலின்ஸில் 211. நான் 267-ஐக் கடந்திருப்பேன். 19-ஆம் சனலில் எதிர்த்திசைச் சாரதி ஒருவரின் குரல் வந்தது. மேற்கே போகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள், மைல்கல் இரண்டு ஆறு இரண்டில் ஒரு ட்ரக் மடிந்து கிடக்கிறது, இரண்டு ஓடுபாதையும் அடைப்பு என்றார். ஒரே ஒரு முறைதான் சொன்னார். அவருக்கும் அந்தக் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதே பெரிய வேலை. நான் மெல்ல மெல்ல வேகத்தை இறக்கி, நான்கு பக்க விளக்குகளையும் போட்டுக்கொண்டு போனேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. நின்றேன்.

நின்றவுடன் மைக்கை எடுத்து அதே செய்தியைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொன்னேன். பொத்தானை அழுத்தியபோது றேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை சொன்னேன். யாரும் பதில் தரவில்லை. எனக்குப் பின்னால் வந்த ட்ரக் என் விளக்குகளைப் பார்த்து நின்றது. அடுத்ததும் நின்றது. அதற்கும் பின்னால் வந்தவர் வேகத்தில் வந்தார். கண்ணாடியில் அவருடைய ட்ரெயிலர் பக்கவாட்டில் விலகுவதைப் பார்த்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் ஓரத்துப் பனிக்குள் இறங்கி, முன்னால் நின்றவரை இடிக்காமல் பத்தடி தள்ளி நின்றுவிட்டார்.

வீதி திறந்த பிறகு ரோலின்ஸ் ட்ரக் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். நடுக்கம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. "என் சி.பி. திறந்துதான் இருந்தது. விபத்து என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. எங்கே என்று யாரும் சொல்லவில்லை" என்றார். நான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பயணம் முடிந்து மிசிசாகா யார்டுக்கு வந்ததும், என்னைவிட இருபது வருடம் கூடுதலாக இந்தத் தொழிலில் இருக்கும் ஓர் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் றேடியோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வெளியே போய் அன்ரனாவைப் பார்த்தார்.

"தம்பி, வலப்பக்க அன்ரனா எங்கே?"

"நான் எடுத்தபோதே இல்லை, அண்ணை. ஏதோ மரக்கிளையில் அடிபட்டு உடைந்திருக்க வேண்டும். இடப்பக்கத்துக்குப் புதிது வாங்கிப் போட்டேன்."

"கேபிளை மாற்றினாயா?"

மாற்றவில்லை. அங்கேதான் எல்லாக் கேடும் இருந்தது. எனக்கு முன் அந்த வண்டியை ஓட்டியவர் இரண்டு கண்ணாடிகளிலும் இரண்டு அன்ரனா வைத்திருந்தார். இரட்டை அன்ரனாவுக்கென்று ஒரு கேபிள் இருக்கிறது. றேடியோவின் பின்னால் ஒரே முனையாகத் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் போகும். பார்க்க ஒற்றைக் கேபிள் மாதிரியே இருந்தாலும் அதன் உள்ளமைப்பு வேறு. ஒற்றை அன்ரனாவுக்கு 50 ஓம் கேபிள், பொதுவாக ஆர்.ஜி.-58 அல்லது ஆர்.ஜி.-8எக்ஸ். இரட்டைக்கு 75 ஓம் ஆர்.ஜி.-59, இரண்டு கிளைகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இரண்டு முனைகளிலும் அன்ரனா இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் மட்டும் ஓட்டினால் றேடியோ அனுப்புகிற சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் திரும்பி றேடியோவுக்குள்ளேயே வரும். நான் அப்படியே நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் நான் பேசியபோதெல்லாம் திரும்பி வந்த சூட்டில் றேடியோவின் அனுப்பும் பகுதியில் கடைசி டிரான்சிஸ்டர் எரிந்துவிட்டது. கேட்கும் பகுதி வேறு, அனுப்பும் பகுதி வேறு என்பதால் காது மட்டும் நன்றாகவே வேலை செய்தது. சிவப்பு விளக்கு எரிந்தது பொத்தான் அழுத்தப்பட்டது என்பதற்குத்தான். குரல் போனது என்பதற்கு அது சாட்சி அல்ல.

கடையில் றேடியோ வாங்கும்போது நான் பெட்டியைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் விசாரித்தேன். கேபிளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆகவே இனி எழுதுவதில் பெட்டிக்குக் கொஞ்ச இடம், அன்ரனாவுக்கு நிறைய இடம்.

பெட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். சி.பி. என்பது 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 40 சனல். அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் வேண்டாம். ட்ரக் சாரதிகள் கதைப்பது 19-இல், அவசரத்துக்கு ஒதுக்கியது 9. சாதாரண ஏ.எம். முறையில் சட்டம் அனுமதிக்கும் சக்தி 4 வாட். நூறு சொச்சம் டொலர் றேடியோவுக்கும் நானூறு டொலர் றேடியோவுக்கும் அதே 4 வாட்தான். எஸ்.எஸ்.பி. என்ற முறையில் 12 வாட் வரை போகலாம், அமெரிக்காவில் 2021 முதல் எஃப்.எம். முறைக்கும் அனுமதி உண்டு. இரண்டையும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் 19-இல் எல்லோரும் ஏ.எம்.மில் இருக்கிறார்கள், நீங்களும் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள். கோப்ரா 29, யூனிடன், பிரெசிடென்ட் எதுவானாலும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இருட்டில் கையால் தடவியே பிடிக்கக்கூடிய பெரிய திருகுகள், கேட்கும் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஆர்.எஃப். கெயின், இரைச்சலை வெட்டும் பொத்தான், அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் உள்ளேயே. கோப்ரா 29-இல் இவை நான்கும் உண்டு, எரிந்ததற்குப் பதிலாக நான் இப்போது வைத்திருப்பதும் அதுதான். தலைக்கு மேலே இருக்கும் தட்டின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பின்னால் கேபிள் முனை வளைய மூன்று விரல் இடம் வேண்டும்.

றேடியோவைத் திறந்து "பலப்படுத்தி"த் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். வேண்டாம். குரலைக் கட்டுப்படுத்தும் பகுதியை வெட்டிவிட்டால் சத்தம் கூடும், சொல் சிதையும். மைல்கல் எண் புரியாத சத்தத்தால் யாருக்கு என்ன பயன்? கூடுதல் சக்திக்கென்று விற்கிற ஆம்பிளிஃபயர் இரு நாடுகளிலும் சி.பி.யில் சட்டவிரோதம்.

இனி அன்ரனா. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதில் கால்வாசி, கிட்டத்தட்ட ஒன்பது அடி, அன்ரனாவாக நின்றால் நல்லது. ட்ரக்கில் அதற்கு இடமில்லை, ட்ரெயிலரின் உயரமே 13 அடி 6 அங்குலம். அதனால் நான்கடி ஃபைபர் கம்பியில் செப்புக் கம்பியைச் சுற்றி அந்த நீளத்தை உள்ளே அடக்கிவிடுகிறார்கள். அன்ரனா என்பது அந்தக் கம்பி மட்டுமல்ல என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அண்ணைதான். வண்டியின் உலோக உடல் அதன் மறுபாதி. இப்போதைய ட்ரக்குகளில் கண்ணாடித் தாங்கிகள், கூரை, முன்மூடி எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்ரிக், ஃபைபர். தாங்கியின் உலோகம் சேசிஸ் என்ற அடிச்சட்டம் வரை தொடர்பில் இல்லாவிட்டால் உங்கள் அன்ரனா பாதி அன்ரனாதான்.

அன்று யார்டில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு. அண்ணை கையுறையைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை அன்ரனாத் தாங்கியிலும் வைத்தார். எண் ஓடிக்கொண்டே இருந்தது, பூச்சியத்துக்கு வரவில்லை. தாங்கியை இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் கறுப்புப் பெயின்ட் தடிப்பாக, முழுதாக இருந்தது. அந்தப் பெயின்ட்டின் மேல்தான் நான் போல்ட்டை இறுக்கியிருந்தேன். ஒரு ரூபாய்க் காசளவு இடத்தைக் கத்தியால் சுரண்டினார். உலோகம் பளபளத்தது. பல் வைத்த ஒரு வளையத்தைப் போட்டு மறுபடி இறுக்கினார். மீற்றர் 0.3 ஓம் காட்டியது. துருப் பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டுக் கையை ஊதிக்கொண்டார். செலவு ஒன்றுமில்லை.

அடுத்து அன்ரனா நிற்கும் அடிப்போல்ட்டைப் பார்த்தார். அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன நைலோன் வளையம் இருக்கும். அன்ரனாவுக்குப் போகிற நடுக்கம்பி தாங்கியின் உலோகத்தைத் தொடாமல் பிரித்து வைப்பது அதுதான். கடைகளில் அன்ரனா மாற்றும்போது அதிகம் தொலைவதும் அதுதான். அது இல்லாவிட்டால், அல்லது வெடித்திருந்தால், நீங்கள் றேடியோவின் குரல்வளையை நிலத்தோடு கட்டிவிட்டீர்கள். பெரும்பாலான ஃபைபர் அன்ரனாக்களில் அன்ரனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையின் நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மீற்றரை வைத்துப் பாருங்கள். தொடர்பு இருக்கவே கூடாது. தாங்கிக்கும் பற்றரிக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டு சோதனையும் ஐந்து நிமிடம்.

பழைய இரட்டைக் கேபிளை உருவி எடுத்துவிட்டு ஒற்றை அன்ரனாவுக்குரிய புதுக் கேபிளைப் போட்டோம். இரட்டை அன்ரனா வேண்டாமா என்று கேட்டேன். இரண்டுக்கும் இடையில் ஒன்பதடியாவது இருந்தால்தான் அதன் பயன் தெரியும், ட்ரக்கின் அகலம் அதற்குச் சற்றுக் குறைவு. ஒழுங்காகப் பொருத்திய ஒன்று, ஒழுங்கில்லாத இரண்டைவிட மேல் என்றார். கேபிளைக் கதவு இடுக்கில் நசுங்காமல் விடுவதற்குத்தான் அன்று அதிக நேரம் ஆனது. கதவைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பார்த்த பிறகே பட்டி போட்டு இறுக்கினார். கம்பனி வண்டி என்பதால் எங்கும் துளை போடவில்லை. கிளாம்ப் போட்டே எல்லாவற்றையும் முடிக்கலாம், பராமரிப்புப் பகுதியிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். பார்ப்பது. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்லும் அளவு அது. 1.5 என்றால் 4 வீதம் திரும்புகிறது, 2 என்றால் 11 வீதம், 3 என்றால் 25 வீதம். 1.5-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் மைக்கைத் தொடாதீர்கள். றேடியோவுக்குள் இருக்கும் மீற்றர் அவ்வப்போது பார்த்துக்கொள்ளப் போதும், முதன்முறை பொருத்தும்போது தனி மீற்றர் ஒன்றை இரவல் வாங்குங்கள். கட்டடம், வேறு ட்ரெயிலர், மின்கம்பி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கதவுகளை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் நின்றாலே முள் அசையும்.

1-ஆம் சனலில் பாருங்கள், பிறகு 40-இல் பாருங்கள். பேசுவதற்கு முன் சனலில் யாரும் இல்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40-இல் அளவு கூடுதலாக இருந்தால் அன்ரனா நீளம் அதிகம், குறைக்க வேண்டும். 1-இல் கூடுதலாக இருந்தால் நீளம் போதாது, கூட்ட வேண்டும். அன்ரனாவின் நுனித் தொப்பியைக் கழற்றினால் ஒரு திருகு இருக்கும், அதை அரைச் சுற்று திருப்பி, தொப்பியை மறுபடி போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும். எனக்கு முதல் அளவில் 1-இல் 1.3, 40-இல் 2.1 வந்தது. நான்கு தரம் இறங்கி ஏறினேன். கடைசியில் 1-இல் 1.4, 19-இல் 1.2, 40-இல் 1.4. எல்லாச் சனலிலும் அளவு 3-க்கு மேல் நின்றால் திருகைத் தொட வேண்டாம். பழுது கேபிளில் அல்லது தாங்கியில் இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிகரெட் லைட்டர் துளையில் செருகாதீர்கள், அது தளரும், இரைச்சலும் தரும். பல ட்ரக்குகளில் மேல்தட்டிலேயே சி.பி.க்கென்று சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் இருக்கும். இல்லாவிட்டால் பற்றரியிலிருந்து நேராக வயர் இழுத்து, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள். றேடியோ இழுப்பது இரண்டு மூன்று அம்பியர்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு ஒரு வாரம் தொடர்ந்து "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இருந்தது. எஞ்சினை நிறுத்தினாலும் போகவில்லை. ஒவ்வொரு பொருளாகப் பிடுங்கிப் பார்த்தேன். வீதியைப் படம்பிடிக்கும் சின்னக் கமெராவின் மலிவான சார்ஜர்தான் காரணம். அதை மாற்றியதும் இரண்டு மைல் அப்பால் இருப்பவரின் குரல் பக்கத்து இருக்கையில் இருப்பவர் போலக் கேட்டது. யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச் திருகை இரைச்சல் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போகாதீர்கள். பலர் அமைதிக்காக அதை இறுக்கி மூடிவிட்டு, சி.பி.யில் ஆளே இல்லை என்கிறார்கள். பனியில் ஓடும்போது நான் அதை முழுவதும் திறந்து வைத்து இரைச்சலோடுதான் போவேன், தொலைவிலிருந்து வருகிற மெல்லிய குரல்தான் அப்போது வேண்டும். ட்ரக் தரிப்பிடங்களில் கெயினைக் குறையுங்கள். சில பகல்களில் டெக்சாஸிலோ அலபாமாவிலோ இருப்பவர் ஒன்ராறியோவில் உங்கள் காதருகே கதைப்பார். மேல் வளிமண்டலம் சில காலங்களில் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது, உங்கள் றேடியோவில் பழுது எதுவும் இல்லை.

ட்ரக்கிலிருந்து ட்ரக்குக்கு மூன்று முதல் ஐந்து மைல் கேட்டால் போதும், அதற்குத்தான் இது. கைபேசிச் செயலிகள் இருக்கும்போது சி.பி. எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மணிக்கணக்காக 19 மௌனமாக இருக்கும் நாட்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு முன் விழுந்த ட்ரக்கை எந்தச் செயலியும் அறியாது. வட ஒன்ராறியோவில் வாவாவிலிருந்து மரத்தன் வரை போகிற 17-ஆம் நெடுஞ்சாலையில் கைபேசிக்குச் சமிக்ஞையே இல்லாத நீண்ட துண்டுகள் இருக்கின்றன; எதிரே வருகிறவர் "வளைவுக்கு அப்பால் மூஸ் மான் நிற்கிறது" என்று சொல்வதற்கு வேறு வழியில்லை. சில ஆலைகளிலும் தானியக் கிடங்குகளிலும் இன்னும் சி.பி.யில்தான் உங்கள் முறையைக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் வணிகச் சாரதிகள் கையில் தொலைபேசி பிடித்துக் கதைப்பதற்கு 2012 முதல் உள்ள மத்திய அரசின் தடை சி.பி.க்குப் பொருந்தாது; மாநில, மாகாணச் சட்டங்களை உங்கள் பாதைக்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பேசுவது. என் ஆங்கிலத்தைக் கேட்டு 19-இல் ஒருவர் ஏளனம் செய்தார். அதற்குப் பிறகு அந்த விபத்து நாள் வரை நான் மைக்கை எடுக்கவே இல்லை. கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன். எடுத்திருந்தால், யாரிடமாவது "என் குரல் கேட்கிறதா" என்று ஒரு முறை விசாரித்திருந்தால், பதில் வராததை வைத்தே பழுதைக் கண்டுபிடித்திருப்பேன். இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "தம்பி, பின்னால் வருகிறவனுக்கு உன் உச்சரிப்பு வேண்டாம். எண் வேண்டும். வீதி, திசை, மைல்கல், எந்த ஓடுபாதை. நான்கும் சொல்லு, இரண்டு தரம் சொல்லு, மைக்கை வை" என்றார். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: இரண்டு, ஆறு, இரண்டு. மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டபின் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். இப்போது ஒவ்வொரு பயணத்திலும் ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒருமுறை குரல் கேட்கிறதா என்று விசாரிப்பேன். யாராவது ஒருவர் பதில் சொல்வார். சொல்லாவிட்டால் அடுத்த தரிப்பிடத்தில் மீற்றரைப் பார்ப்பேன்.

போன வருடம் கம்பனி எனக்கு வேறு ட்ரக் தந்தது. றேடியோவைக் கழற்றி எடுத்துக்கொண்டேன், அன்ரனாவையும் கேபிளையும் அப்படியே விட்டேன். மேல்தட்டின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டியை ஒட்டி, பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன்: "அன்ரனா ஒன்றுதான், இடப்பக்கம். ஒற்றைக் கேபிள். இரட்டைக் கேபிள் அகற்றப்பட்டது. 1-இல் 1.4, 19-இல் 1.2, 40-இல் 1.4. அன்ரனாவைக் கழற்றினால் வெள்ளை நைலோன் வளையத்தைத் திரும்பப் போடவும்."